டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வர்ற நோயாளிக்கு யாரு நர்ஸ்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வரி விளம்பரம் வர்ற பக்கத்துல "வீட்டில் தங்கி நோயாளியைக் கவனிக்க நர்ஸ் அனுப்பப்படும்"னு கொஞ்ச காலமா நெறைய வருது, மார்த்தாண்டம், களியக்காவிளை, நாகர்கோவில் நம்பர் இருக்கும், கேரள எல்லைக்கு அந்த பக்கம் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை நம்பரும் இருக்கும். அந்த விளம்பரத்த பாத்து போன் பண்ணி ஆள வச்சுகிட்டு, ரெண்டு வாரம் கழிச்சு நோயாளிக்கு ஏதாவது ஆன பிறகு என்னைய கூப்பிடுறவங்க எங்க குழித்துறை பக்கம் ரொம்ப பேரு. நான் ஸ்டாஃப் நர்ஸா திருவனந்தபுரத்துலயும் பிறகு கல்ஃப்லயும் வேல பாத்து ஓய்வு பெத்து ஊருக்கு வந்தவ. "சிஸ்டரே, ஒண்ணு வந்து பாத்துட்டு போவீளா"ன்னு கேப்பாவ, போவேன். போனா எல்லா வீட்லயும் ஒரே பேச்சுதான், "நர்ஸ் வச்சிருக்கோமே, பிறகும் எப்படி இப்படி ஆச்சு".

அந்த கேள்விக்கு பதில் சொல்லத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், தயவு செஞ்சு வெட்டாம போடுங்க.

வீட்ல படுத்திருக்க நோயாளிக்கு ரெண்டு வகை வேலை இருக்கு. குளிப்பாட்டுறது, வாய் தொடச்சு விடுறது, துணி மாத்துறது, கஞ்சி ஊட்டுறது, டயாப்பர் மாத்துறது, கைய புடிச்சு நடக்க வைக்கிறது, பக்கத்துல இருந்து பேசுறது, இதெல்லாம் ஒரு வகை. இது சின்ன வேலைன்னு நான் சொல்ல மாட்டேன், இத பொறுமையா செய்யுற கை கெடைக்கிறது ஒரு பாக்கியம், ஆனா இத வீட்டு ஆளுங்களும் கத்துகிட்டு செய்யலாம், கொஞ்சம் பயிற்சி எடுத்த அட்டெண்டரும் செய்யலாம். இன்னொரு வகை, டியூப் வழியா சாப்பாடு குடுக்குறது, யூரின் டியூப் மாத்துறது, புண்ணுக்கு டிரெஸ்ஸிங், இன்சுலின், நரம்பு ஊசி, தொண்டையில ஓட்ட போட்டவங்களுக்கு சளி உறிஞ்சுறது. இதுக்கு படிச்சு பதிவு பண்ணின நர்ஸ் வேணும், இல்லன்னா அப்படி ஒரு நர்ஸ் நேர்ல நின்னு வீட்டாளுக்கு செஞ்சு காட்டி, அவங்கள திருப்பி செய்ய சொல்லி பாத்து, பிறகும் இடைக்கிடை வந்து கவனிக்கணும். ஏஜென்சி அனுப்புற பிள்ளைகள்ல பெரும்பாலானவங்க மொத வகை வேலைக்கு வந்தவங்க. வெள்ளை கோட்டு போட்டு அனுப்புறாங்க, காசு ரெண்டாவது வகைக்கு வாங்குறாங்க.

படிச்ச நர்ஸ்னா யாருன்னு நெறைய பேருக்கு தெரியல, அதையும் சொல்லிடுறேன். ஏஎன்எம்ங்கற துணை நர்ஸ் படிப்பு 2 வருசம், ஜிஎன்எம்ங்கற நர்சிங் டிப்ளமோ 3 வருசம், பிஎஸ்சி நர்சிங் டிகிரி 4 வருசம். படிச்சு முடிச்சா மட்டும் போதாது, நம்ம பக்கம்னா தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல, அந்த பக்கம்னா கேரள கவுன்சில்ல பதிவு பண்ணி நம்பர் வாங்கணும். வீட்டுக்கு வர்ற ஆள்கிட்ட "மக்ளே, உன் ரெஜிஸ்ட்ரேசன் சர்ட்டிபிகேட் ஒண்ணு காட்டு"ன்னு கேக்குறதுல எந்த மரியாதைக் கொறவும் கெடையாது, என்கிட்ட கேட்டா நான் சந்தோசமா எடுத்து காட்டியிருப்பேன்.

ஆனா சர்ட்டிபிகேட்ட விட முக்கியமானது ஒண்ணு இருக்கு. ஊசி குத்துறதும் டியூப் போடுறதும் பழகிட்டா எவரும் செஞ்சிருவாங்கன்னு ஒரு நெனப்பு நம்ம ஆளுகளுக்கு உண்டு. கை வேலை பழகலாம்தான். நர்ஸ் படிப்புல பாதிக்கு மேல சொல்லி குடுக்குறது பாக்குறதுக்கு. நேத்து இருந்ததுக்கு இன்னைக்கு என்ன மாறியிருக்கு, ஒரு நிமிசத்துக்கு எத்தன தடவ மூச்சு விடுறாரு, 24 மணி நேரத்துல எவ்வளவு யூரின் போயிருக்கு, கூப்பிட்டா முழிக்கிறதுல சொணக்கம் இருக்கா. வயசானவங்களுக்கு நெஞ்சுல சளி கட்டி நிமோனியா வந்தாகூட சில நேரம் காய்ச்சலே அடிக்காது, சும்மா ஒரு மாதிரி மந்தமா இருப்பாங்க, இல்லன்னா இல்லாத ஆள பேர் சொல்லி கூப்பிடுவாங்க. வீட்ல உள்ளவங்க "வயசாச்சுல்லா, புத்தி தடுமாறுது"ன்னு விட்டுருவாங்க. பெரியவங்களுக்கு நிமிசத்துக்கு 12ல இருந்து 20 வரை மூச்சுங்கறது சாதாரணம், அது 26, 28னு போகும்போது முகத்துல பெரிசா ஒண்ணும் தெரியாது, எண்ணி பாத்தாதான் தெரியும். வாட்ச்ச பாத்து ஒரு நிமிசம் முழுசா எண்ணுறதுக்கு யாருக்கு தோணும்? படிச்ச நர்ஸுக்கு தோணும்.

மூக்குல போடுற டியூப்ப பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா எங்க பக்கம் அதுலதான் அதிகம் கஷ்டப்படுறாங்க. அருமனை பக்கம் ஒரு வீடு, பெரியவருக்கு பக்கவாதம், தண்ணி குடிச்சா புரை ஏறுதுன்னு மூக்கு வழியா வயித்துக்கு போற ரைல்ஸ் டியூப் போட்டு, கொஞ்ச நாள் வச்சிருந்து ஒரு சாயங்காலம் டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பிட்டாங்க. ஆஸ்பத்திரில மருமகளுக்கு ஒரு தடவ காட்டி குடுத்தாங்களாம். ஏஜென்சில இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, நல்ல பொண்ணு, ரப்பர் எஸ்டேட்ல வேல பாத்த குடும்பத்துல இருந்து வந்தது. மூக்குல ஒட்டியிருந்த பிளாஸ்திரி வேர்வைல இளகி டியூப் கொஞ்சம் வெளிய வந்திருக்கு. அது யார் கண்ணுலயும் படல. பெரியவர படுக்க வச்ச மாதிரியே கஞ்சிய விட்டிருக்காங்க. இருமினாரு, பிறகு அடங்கிட்டாரு, மறுநாள் மூச்சு வேகமாச்சு, திரும்ப ஆஸ்பத்திரி, நிமோனியா. அந்த பொண்ணு அழுதுகிட்டு என்கிட்ட வந்து "நான் என்ன தப்பு செஞ்சேன் சிஸ்டரே"ன்னு கேட்டுச்சு. நீ தப்பு ஒண்ணும் செய்யல மக்ளே, உன்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லி தரலன்னு சொன்னேன்.

அந்த டியூப்ல செண்டிமீட்டர் கோடு போட்டிருக்கும். மூக்கு நுனில எந்த நம்பர் நிக்குதுன்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே எழுதி வச்சுக்கணும், ஒவ்வொரு தடவ சாப்பாடு குடுக்குறதுக்கு முன்னயும் அதே நம்பர்தானான்னு பாக்கணும். சிரிஞ்ச் வச்சு மெதுவா இழுத்து வர்ற தண்ணிய, ஆசிட் அளவு காட்டுற பிஎச் பேப்பர்ல தொட்டு பாத்தா 5.5 அல்லது அதுக்கு கீழ இருந்தா டியூப் வயித்துல இருக்குன்னு நம்பலாம், ஆனா வயித்துல ஆசிட் கொறைக்கிற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அந்த கணக்கு மாறும், அப்ப மத்ததையும் சேத்து பாத்து முடிவு பண்ணணும், சந்தேகம்னா சாப்பாடு குடுக்காம நிறுத்தி வச்சு டாக்டர்கிட்ட கேக்கணும், எக்ஸ்ரே எடுத்து பாக்க வேண்டியும் வரலாம். ஸ்டெதஸ்கோப்ப வயித்துல வச்சு காத்து அடிச்சு சத்தம் கேட்டு பாக்குறது இன்னும் நெறைய எடத்துல நடக்குது, அத மட்டும் நம்பக்கூடாது. தலைமாட்ட 30ல இருந்து 45 டிகிரி ஒசத்தி வச்சுதான் குடுக்கணும், குடுத்து முடிச்சும் அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் அப்படியே வச்சிருக்கணும். முன்னயும் பின்னயும் 30 மில்லி தண்ணி விட்டு டியூப்ப கழுவணும், இல்லன்னா அடச்சுக்கும். மாத்திரைய பொடிச்சு விடுறதுலயும் விசயம் இருக்கு, எஸ்ஆர், எக்ஸ்ஆர்னு அட்டையில போட்டிருக்கத பொடிக்கவே கூடாது, ஒரு நாள் முழுக்க மெதுவா கரையுறதுக்காக செஞ்ச மருந்து ஒரே நேரத்துல உள்ள போயிரும். எத பொடிக்கலாம் எதுக்கு பதிலா சிரப் இருக்குன்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கணும். பாருங்க, "டியூப்ல கஞ்சி விடுறது"ன்னு நாம ஒரு வார்த்தைல சொல்ற வேலைக்குள்ள இவ்வளவு இருக்கு.

அடுத்தது படுக்கைப் புண்ணு. இதுல நம்ம வீடுகள்ல நடக்குறத பாத்தா மனசு பொறுக்கல. புண்ணு வாய் தொறந்த பிறகுதான் புண்ணுன்னு நெனக்கிறாங்க. அது மேல தெரியுறதுக்கு முன்னயே ஆரம்பிச்சிரும். இடுப்பு எலும்பு முடியுற எடம், குதிங்கால், இடுப்போட ரெண்டு பக்க எலும்பு, தோள்பட்ட எலும்பு, பின்மண்டை, இங்கெல்லாம் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல தோல் நசுங்கி ரத்தம் ஓடாம போகுது. புத்தகத்துல மொத ஸ்டேஜ்னா சிவந்திருக்கும், விரல் வச்சு அமுக்கினா வெளுக்காதுன்னு எழுதியிருக்கும். நம்ம நெறத்துக்கு சிவப்பு அவ்வளவா தெரியாது, அதனால தொட்டு பாக்கணும், சுத்தி இருக்க எடத்த விட சூடா இருக்கா, கல்லு மாதிரி இறுகியிருக்கா, இல்லன்னா கொழகொழன்னு இருக்கா, பக்கத்து தோல விட கறுத்து ஊதா மாதிரி தெரியுதா. அப்பவே கண்டுபுடிச்சு அந்த எடத்துல பாரம் படாம பாத்துகிட்டா பெரும்பாலும் ஆறிரும். நாலாவது ஸ்டேஜ் வந்துச்சுன்னா உள்ள எலும்பு தெரியும், அத ஆத்துறதுக்கு மாசக்கணக்குல ஆகும், கிருமி ரத்தத்துல கலந்து உசுரையே வாங்கினதும் உண்டு.

ரெண்டு மணிக்கூருக்கு ஒரு தடவ திருப்பி போடணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, ராத்திரி செய்யுறவங்க கொறவு. ஏர்பெட் வாங்கியாச்சுல்லா, பிறகு எதுக்கு திருப்பணும்னு கேப்பாங்க, ஏர்பெட் உதவி பண்ணும் அவ்வளவுதான், திருப்புறதுக்கு பதிலா ஆகாது. நடுவுல ஓட்டை உள்ள வளையம் மாதிரி தலகாணி கடைல விக்கிறாங்க, அது வேண்டாம், வளையத்தோட விளிம்புல அமுங்கி சுத்தி உள்ள எடத்துக்கு ரத்தம் போறது கொறயும். சிவந்த எடத்த தேங்காண்ணெ போட்டு அழுத்தி தேச்சு விடுறதும் வேண்டாம், உள்ள நசுங்கி கெடக்குற தசை இன்னும் கெடும். புண்ணுல ஸ்பிரிட் ஊத்துறது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தி நுரை வர்றத பாத்து சுத்தமாச்சுன்னு நெனக்கிறது, மஞ்சப்பொடி, பவுடர் எல்லாம் அள்ளி வைக்கிறது, இத பூரா நான் கண்ணால பாத்திருக்கேன். சாதாரண சலைன் வச்சு கழுவி, செத்த தசை இருந்தா அத எடுக்க தெரிஞ்ச ஆள வச்சு எடுத்து, புண்ணோட ஆழம் பாத்து, நீர் வடியுதா காஞ்சிருக்கான்னு பாத்து அதுக்கு ஏத்த டிரெஸ்ஸிங் போடணும். அதோட சாப்பாடு. கஞ்சித்தண்ணி மட்டும் குடுத்துகிட்டு இருந்தா எந்த டிரெஸ்ஸிங்கும் ஆத்தாது, முட்டை, மீன், பயறுன்னு புரதம் உள்ள போகணும், கிட்னி கோளாறு இருக்கவங்களுக்கு அளவு டாக்டர் சொல்லணும். நாத்தம் அடிக்குதுன்னு ஒரு வயசான அம்மைய தனி ரூம்ல தள்ளி வச்சு கதவ சாத்திருக்க வீட்டுக்கும் போயிருக்கேன். அந்த நாத்தத்த கொறைக்கிறதுக்கு மருந்து இருக்கு, மெட்ரோனிடசோல் புண்ணு மேல போடுறது பாலியேட்டிவ் நர்ஸுக, அதாவது தீராத நோய் உள்ளவங்களுக்கு வலியும் கஷ்டமும் கொறைக்கிற நர்ஸுக, எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், டாக்டர்கிட்ட கேட்டு செய்யலாம். அந்த அம்மை கடைசி காலத்துல பேரப்பிள்ளைகள பக்கத்துல வச்சிருந்திருக்கலாமே.

இன்சுலின்ல எங்க மாவட்டத்துக்குன்னு ஒரு தனி ஆபத்து இருக்கு, இத கட்டாயம் போடுங்க. நம்ம ஊர் மெடிக்கல்ல குப்பியில வர்ற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு செவப்பு மூடி போட்ட சிரிஞ்ச். கல்ஃப்ல இருந்து மகன் கொண்டு வர்ற குப்பி ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். அந்த 100 யூனிட் குப்பிய இந்த செவப்பு மூடி சிரிஞ்ச்ல எடுத்து 20ன்னு கோட்டுல நிறுத்தி குத்தினா உள்ள போறது 20 இல்ல, 50 யூனிட். ரெண்டரை மடங்கு. சாப்பாடும் சரியா சாப்பிடாத வயசான ஆளுக்கு இது நடந்தா ராத்திரி தூக்கத்துலயே சுகர் இறங்கி மயக்கத்துக்கு போயிருவாங்க, காலையில தூங்குறாருன்னு நெனச்சு போர்வைய இழுத்து விட்டுட்டு போவாங்க. சுகர் 70க்கு கீழ இறங்கி ஆளு முழிப்பா இருந்து விழுங்க முடிஞ்சா மூணு டீஸ்பூன் சீனி கரைச்சு குடுத்து 15 நிமிசத்துல திரும்ப டெஸ்ட் பண்ணணும், மயக்கமா இருந்தா வாயில ஒண்ணும் ஊத்தாம 108 கூப்பிடணும். கஞ்சி குடிக்காத நேரத்துலயும் "டாக்டர் எழுதின அளவு"ன்னு அப்படியே ஊசிய குத்துறது சரியில்ல, அன்னைக்கு என்ன சாப்பிட்டாரு, சுகர் எவ்வளவுன்னு பாத்து டாக்டர்கிட்ட ஒரு போன் போட்டு கேக்கணும்.

யூரின் டியூப்புக்கு சுருக்கமா, பை எப்பவும் நோயாளியோட இடுப்புக்கு கீழ தொங்கணும் ஆனா தரையில கெடக்கக்கூடாது, தூக்கி கட்டில் மேல வைக்கக்கூடாது, பைய அடிக்கடி கழட்டி மாட்டக்கூடாது. சாதாரண ரப்பர் டியூப்ப ஒரு மாசம் தாண்ட விடாம மாத்தணும், சிலிக்கான்னா மூணு மாசம் வரை தாங்கும். தொண்டையில ஓட்ட போட்ட நோயாளிய நர்ஸ் இல்லாம வீட்டுக்கு கூட்டிட்டு வராதீங்க, ஒரு தடவ உறிஞ்சுறது 15 செகண்டுக்கு மேல போகக்கூடாது, சளி அடச்சு மூச்சு நின்னா யோசிக்கிறதுக்கு நிமிசம் கெடையாது.

என்கூட வேல பாத்த ஒரு தங்கச்சி இப்ப அமெரிக்காவுல இதுக்குன்னே உள்ள ஒரு எடத்துல வேல பாக்குறா. ஆஸ்பத்திரில இருந்து வெளிய வந்தாச்சு ஆனா வீட்டுக்கு போற அளவு தேறலங்கற ஆளுங்கள கொஞ்ச நாள் வச்சு நர்சிங்கும் பிசியோதெரபியும் குடுக்குற எடம். அங்க வயசானவங்களுக்கு மெடிகேர்னு அரசு இன்சூரன்ஸ் இருக்கு, குறைஞ்சது 3 நாள் உள்நோயாளியா இருந்து, தினமும் படிச்ச நர்ஸோ தெரபிஸ்டோ செய்ய வேண்டிய வேலை இருக்குன்னு டாக்டர் சொன்னா ஒரு தடவைக்கு 100 நாள் வரை அந்த இன்சூரன்ஸ்ல காசு உண்டு, மொத 20 நாளுக்கு நோயாளி கைக்காசு இல்ல, 21ல இருந்து தினமும் ஒரு தொகை கட்டணும். குளிப்பாட்டவும் ஊட்டவும் மட்டும் ஆள் வேணும்னா அந்த காசு கெடையாது. அது அந்த நாட்டு ஆளுகளுக்கே பெரிய கஷ்டம்னு அவ சொல்றா, எனக்கும் அது நியாயமா படல. ஆனா எது படிச்ச நர்ஸ் வேலை, எது கவனிப்பு வேலைன்னு பிரிச்சு எழுதி வச்சிருக்காங்க பாருங்க, அது நமக்கு வேணும். குளிப்பாட்டுற உதவியாளருக்கே அங்க குறைஞ்சது 75 மணி நேர பயிற்சி இருந்தாத்தான் வேலை, பரிச்சையும் உண்டு. நம்ம பக்கம் முந்தாநாள் வரை ஜவுளிக்கடைல நின்ன பிள்ள இன்னைக்கு தொண்ட டியூப் போட்ட நோயாளி பக்கத்துல நிக்குது.

இன்னொரு விசயமும் அவ சொன்னா, அது எனக்கு மனசுல பட்டுச்சு. இனிமே தேற மாட்டாருன்னு தெரிஞ்சா நர்சிங்குக்கு காசு குடுக்க மாட்டோம்னு அங்க இன்சூரன்ஸ்ல சொல்லிகிட்டு இருந்தாங்களாம், கேஸ் போட்டு 2013ல கோர்ட் ஏத்துகிட்ட சமரசத்துல அது மாறிச்சு. தேறுவாரா தேற மாட்டாராங்கறது கேள்வி இல்ல, இருக்க நெலமை மோசமாகாம பாத்துக்க படிச்ச கை வேணுமான்னு மட்டும் பாக்கணும்னு ஆச்சு. நம்ம வீடுகள்ல இதே பேச்சுதான், "இனி எங்க சரியாவப் போறாவ, எதுக்கு நர்ஸ்". சரியாக மாட்டாங்கன்னாதான் இன்னும் வேணும். வலி இல்லாம, புண்ணு இல்லாம, மூச்சு முட்டாம இருக்க வைக்கிறதும் வைத்தியம்தான்.

இத எல்லைக்கு அந்த பக்கம் நமக்கு முன்னயே புரிஞ்சுகிட்டாங்க. 1993ல கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேந்து வலி நிவாரணத்துக்கு ஒரு சொசைட்டி ஆரம்பிச்சாங்க, அது ஊர் ஊரா பரவி, 2008ல கேரள அரசு அதுக்குன்னு ஒரு கொள்கையே கொண்டு வந்துச்சு. பாறசாலை பக்கம் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் வண்டியில வீட்டுக்கே வந்து யூரின் டியூப் மாத்துறத, புண்ணுக்கு டிரெஸ்ஸிங் பண்ணுறத, வீட்டாளுக்கு சொல்லி குடுக்குறத நான் பாத்திருக்கேன். களியக்காவிளை தாண்டினா அந்த வண்டி வராது. அக்கா அந்த பக்கம், தங்கச்சி இந்த பக்கம் கட்டிகிட்டு போன குடும்பங்க நம்ம ஊர்ல எத்தனையோ, அக்காவுக்கு வீட்டுக்கு நர்ஸ் வருது, தங்கச்சி ஏஜென்சிக்கு காசு கட்டுறா.

நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லன்னு சொல்ல வரல. 2021 ஆகஸ்ட் 5ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரசர், சுகர் மாத்திரை மட்டுமில்ல, வீட்டுக்கே வர்ற பிசியோதெரபியும் பாலியேட்டிவ் நர்ஸும் சேந்ததுதான். இது எங்க தெருவுல பாதி பேருக்கு தெரியாது, மாத்திரை குடுக்க வர்ற திட்டம்னு நெனச்சிருக்காங்க. கோளாறு எங்கன்னா, நம்ம ஆளுங்க பெரிய நோய்னா திருவனந்தபுரம்தான் போறாங்க, அங்க இருந்து இங்கிலீஷ்ல ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி குடுத்து ஆம்புலன்ஸ்ல ஏத்தி விட்டுருவாங்க. இந்த வீட்டுக்கு மூக்குல டியூப்போட ஒரு நோயாளி வந்திருக்காருன்னு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யாரும் சொல்றதில்ல. அந்த ஆஸ்பத்திரிக்கும் தெரியாது இங்க யாருகிட்ட சொல்லணும்னு. நம்ம மாவட்டத்து ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல இருந்து வர்றவங்களுக்காவது வழி கொஞ்சம் நேரா இருக்கு, எல்லை தாண்டி வர்றவங்க நடுவுல விழுந்துடுறாங்க, அந்த எடத்துலதான் ஏஜென்சி நம்பர் கைக்கு வருது.

அதனால ஆஸ்பத்திரிகள்கிட்ட, அது எந்த பக்கத்து ஆஸ்பத்திரியா இருந்தாலும், நான் கேக்குறது இதுதான். டிஸ்சார்ஜ் சம்மரியோட ஒரு தாள் தமிழ்ல குடுங்க. இந்த நோயாளிக்கு என்னென்ன டியூப் இருக்கு, எந்த தேதில மாத்தணும், மூக்குல எத்தனாவது கோடு, எந்த புண்ணு எந்த அளவுல இருக்கு, எந்த வேலைய வீட்டாளு செய்யலாம், எந்த வேலைக்கு நர்ஸ்தான் வேணும், என்ன மாறினா உடனே கூட்டிட்டு வரணும். நர்சிங் ஸ்டேசன்ல உக்காந்து ஒரு சிஸ்டர் கால் மணி நேரத்துல எழுதிரலாம். கூட இருக்க ஆள நர்ஸ் முன்னால ரெண்டு மூணு தடவ செய்ய வச்சு பாத்துட்டுதான் அனுப்பணும், அதுவும் சாயங்காலம் அவசரமா அனுப்பாதீங்க.

நம்ம சுகாதாரத்துறைகிட்ட கேக்குறது, எல்லை தாண்டி சிகிச்ச எடுத்துட்டு வர்றவங்கள அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிய ஒரு வழி பண்ணுங்க. இந்த ஏஜென்சிக்கு போற பிள்ளைகளுக்கு பயிற்சி குடுங்க. அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், மலையோரத்துல ரப்பர் வெட்டு கொறஞ்ச பிறகு வேற வழி இல்லாம வர்றவங்க, நோயாளி கட்டில் பக்கத்துல தரையில படுத்து 24 மணி நேரமும் இருக்காங்க, பாத்திரம் கழுவு, துணி தொவைன்னு வீட்டு வேலையும் தலைல கட்டுறாங்க, கெடைக்கிற சம்பளத்துல ஏஜென்சி பங்கு வேற. திருப்பி போடுறது, வாய் சுத்தம், மூச்சு எண்ணுறது, எப்ப நர்ஸ கூப்பிடணும்ங்கறது, இத அவங்களுக்கு சொல்லி குடுத்தா நம்ம நோயாளிகளுக்குத்தான் நல்லது, அவங்களுக்கும் சம்பளம் ஏறும்.

உங்க பேப்பர்கிட்டயும் ஒண்ணு கேக்குறேன். நர்ஸ் அனுப்புறோம்னு விளம்பரம் குடுக்குறவங்கள, வர்ற ஆளு பதிவு பெற்ற நர்ஸா, கவனிப்பு உதவியாளரான்னு விளம்பரத்துலயே போட சொல்லுங்க. ஒரு வரிதான் கூடும்.

இப்ப வீட்ல நோயாளிய வச்சிருக்கவங்க, பயப்பட வேண்டாம், காசு இல்லன்னு சும்மா இருக்கவும் வேண்டாம். உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரியோட போய் பாலியேட்டிவ் நர்ஸ் வேணும்னு பேர் குடுங்க, போக முடியலன்னா அரசு சுகாதார உதவி நம்பர் 104க்கு போன் பண்ணி கேளுங்க. தெனமும் முழுநேர நர்ஸ் எல்லாருக்கும் தேவைப்படாது, வாரத்துக்கு ஒரு தடவ படிச்ச நர்ஸ் வந்து புண்ணையும் டியூப்பையும் பாத்துட்டு உதவியாளருக்கு சொல்லி குடுத்துட்டு போனாலே பல வீட்டுக்கு போதும், செலவும் கொறையும். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் ஓய்வு பெத்த சிஸ்டர்மார் எத்தனையோ பேரு வீட்ல இருக்கோம். சர்ச்சோ கோயில் கமிட்டியோ லைப்ரரியோ ஒரு ஞாயித்துக்கிழமை எடம் குடுத்தா வீட்டாளுகளுக்கு சொல்லி குடுக்க நாங்க வருவோம், பைசா வேண்டாம், ஒரு கட்டிலும் ஒரு தலகாணியும் இருந்தா போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்